வாசகர் கேள்விகள்: குகைக்குள் ஒரு வாரம் உட்கார விடுவார்களா?

கேள்வி: லடாக்கில் இருக்கும் ஃபுக்தல் குகை மடத்தின் படத்தைப் பார்த்ததிலிருந்து மனசு அங்கேயே சுற்றுகிறது. எனக்கு 56 வயது. போய், ஒரு வாரம் குகைக்குள் தியானம் செய்துவிட்டு வரலாம் என்று ஆசை. விடுவார்களா?
– வாசகி, ஈரோடு

பதில்: தாராளமாகப் போகலாம். குகைக்குள் ஒரு வாரம் என்கிற நினைப்பை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள். ஆளரவம் இல்லாத இடம் என்று படத்தைப் பார்த்தால்தான் தோன்றும். அங்கே லாமாக்கள் குடியிருக்கிறார்கள், சின்னப் பையன்கள் படிக்கிறார்கள், சமையல் நடக்கிறது, விறகும் மாவும் கோவேறு கழுதை முதுகில் ஏறி வருகின்றன. செங்குத்தான பாறையில் பெரிய வாய் மாதிரி ஒரு குகை, அதன் விளிம்பிலிருந்து கீழே சரிவு முழுக்க மண்ணும் மரமும் வைத்துக் கட்டிய வெள்ளை அறைகள், நம் வீட்டுச் சுவரில் குளவி கட்டுமே அந்தக் கூடு போல ஒட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே ஒரு ஊற்று இருக்கிறது. மடம் 15-ஆம் நூற்றாண்டில் வந்தது. அதற்கு வெகு காலம் முன்பிருந்தே துறவிகள் இந்தக் குகையில் தங்கி வந்தார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை.

வெளியாள் தங்கவே கூடாது என்றில்லை. ஹங்கேரிக்காரர் கொரோஷி சோமா 1825-26-ல் இங்கே தங்கி ஒரு லாமாவிடம் திபெத்திய மொழி படித்தார். 1834-ல் கல்கத்தாவில் வெளியான அவருடைய திபெத்திய-ஆங்கில அகராதிக்கு இந்த மலைகளில் படித்த படிப்புதான் அஸ்திவாரம். அவர் நினைவாக ஒரு கல்வெட்டு இன்றும் அங்கே இருக்கிறது. ஆனால் அவர் படிக்க வந்தவர், பனியில் மாதக்கணக்கில் கிடந்தவர். நாம் விருந்தாளிகள். காலைப் பூஜையில் ஓரமாக உட்காருங்கள், வெண்ணெய்த் தேநீர் கொடுத்தால் முகம் சுளிக்காமல் குடியுங்கள் (உப்புப் போட்டிருப்பார்கள், டீ என்று நினைக்காமல் சூப் என்று நினைத்தால் இறங்கிவிடும்), வலமாகச் சுற்றுங்கள், ஜெபிக்கிறவர் முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள். கண்ணை மூடி உட்கார ஆசையாக இருந்தால் ஆற்றங்கரையில் அதற்கு எவ்வளவோ பாறைகள் இருக்கின்றன.

போகிற வழி: முன்பெல்லாம் பாதும் என்ற ஊரிலிருந்து நாள்கணக்கில் நடை. இப்போது வண்டிப்பாதை புர்னே பக்கம் வரை நெருங்கிவிட்டது. அங்கிருந்து சாரப் ஆற்றை ஒட்டி இரண்டு மூன்று மணி நேரம் நடக்க வேண்டும். அந்த நடையைக் குறைக்க வழி தேடாதீர்கள், என்னைக் கேட்டால் போகிற சுகமே அதில்தான். ஆறு சாது கிடையாது. 2014 கடைசியில் மலை சரிந்து அதை அடைத்து, தேங்கிய தண்ணீர் 2015 மே மாதம் உடைத்துக்கொண்டு வந்து பாலங்களை அடித்துக்கொண்டு போனது. ஜூலை முதல் செப்டம்பர் வரை போங்கள், பாதை நிலவரத்தைப் பாதுமிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கொடைக்கானலில் தினமும் நடக்கிறவன் நான். மூச்சு வாங்குமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: வாங்கும். கொடைக்கானல் 2,100 மீட்டர், லடாக்கின் லே நகரம் 3,500, ஃபுக்தல் 3,800-க்கும் மேல். மணாலியிலிருந்து ஷின்கு லா என்ற கணவாய் வழியாகப் போனால் நடுவில் 5,000 மீட்டரைத் தாண்டுகிறீர்கள். நடைப்பயிற்சி செய்கிற உடம்பு என்று மலை பார்க்காது, நல்ல திடகாத்திரமான ஆட்கள்தான் முதல் நாளே வேகமாக ஏறிப் படுத்துக்கொள்கிறார்கள். லே வழியாகப் போனால் முதல் இரண்டு நாள் சும்மா படுத்திருங்கள். தலைவலி, குமட்டல், பசியின்மை வந்தால் மேலே ஏறக் கூடாது. குறையவில்லை என்றால் இறங்கிவிட வேண்டும். பிரஷர், சர்க்கரை இருந்தால் கிளம்பும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை.

கேள்வி: இந்தக் காலத்திலும் யாராவது நிஜமாகவே குகையில் தவம் இருக்கிறார்களா?
– வாசகி, மதுரை

பதில்: நமக்குத் தெரிந்த காலத்திலேயே ஒருவர் இருந்தார். தென்சின் பால்மோ, லண்டனில் வளர்ந்த பெண், 1964-ல் துறவியானவர். 1976 முதல் 1988 வரை இமாசலத்தின் லாஹவுல் பகுதியில், சுமார் 4,000 மீட்டர் உயரத்தில், பத்தடி அகலம் ஆறடி ஆழம் உள்ள ஒரு பாறை இடுக்கில் வாழ்ந்தார். முன்பக்கம் சுவர் எழுப்பி, உள்ளே ஒரு மரப்பெட்டி. அதில்தான் தியானம், அதில்தான் உட்கார்ந்தபடியே தூக்கம். கோடையில் வெளியே டர்னிப்பும் உருளைக்கிழங்கும் போடுவார். ஒரு பனிப்புயலில் குகை மொத்தமாக மூடிக்கொண்டபோது பாத்திர மூடியால் பனியைத் தோண்டி வெளியே வந்தார். கடைசி மூன்று வருடம் யாரையும் பார்க்காத கடும் தனிமை, அதைக் கலைத்தது விசா முடிந்துவிட்டது என்று மலையேறி வந்த ஒரு போலீஸ்காரர்! ஆகவே, மலையில் எங்காவது கதவு சாத்திய தியானக் குகையைக் கண்டால் தட்டிப் பார்க்காமல் நகர்ந்துவிடுங்கள், உள்ளே ஆள் இருக்கலாம்.

கேள்வி: நம்ம காஞ்சிபுரத்துப் போதிதர்மர் உட்கார்ந்த குகையைப் பார்க்க முடியுமா?
– வாசகர், செய்யாறு

பதில்: முடியும். சீனாவின் ஹெனான் மாகாணத்தில், ஷாவோலின் கோயிலுக்குப் பின்னால் உள்ள சிகரத்தில் இருக்கிறது. ஒன்பது வருடம் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார் என்பது மரபுக்கதை. "நம்ம காஞ்சிபுரம்" விஷயத்தில் கொஞ்சம் நிதானம் தேவை: பழைய சீனக் குறிப்பு ஒன்று அவரைத் தென்னிந்திய அரசரின் மூன்றாம் மகன் என்கிறது, 547-ஐ ஒட்டி எழுதப்பட்ட இன்னொன்று பாரசீகர் என்கிறது, காஞ்சி என்ற பெயர் இரண்டிலுமே இல்லை. மேலே போக ஏகப்பட்ட படிகள், முழங்கால் வலி உள்ளவர்கள் கோயிலோடு நிறுத்திக்கொள்ளலாம்.