இலை நரம்பும் நிலாக்கல்லும்: பட்டறைக் கேள்விகள்

இலை, கொடி, மொட்டு வடிவங்களில் வெள்ளியும் கல்லும் சேர்த்துக் கையால் நகை செய்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

அரசிலையின் நரம்பை வெள்ளித் தகட்டில் பதிக்க ஆசை. பச்சை இலையைத் தகட்டோடு சேர்த்து மில்லில் (இரண்டு எஃகு உருளைகளுக்கு நடுவே தகட்டை அழுத்தும் கருவி) கொடுத்தேன். நடு நரம்பு மட்டும் லேசாக விழுந்தது. மற்ற இடமெல்லாம் வழவழவென்று இருக்கிறது. என்ன தவறு?
— வாசகி, காரைக்குடி

தவறு இரண்டு. ஒன்று பச்சை இலை, மற்றொன்று அநேகமாகத் தகடு.

பச்சை இலையில் நரம்பைச் சுற்றிச் சதை நிரம்பியிருக்கிறது. உருளை அழுத்தும்போது சாறு பிதுங்கி, தகட்டுக்கும் இலைக்கும் நடுவில் ஒரு படலமாக நின்றுவிடும். மெல்லிய நரம்புகள் அதில் வழுக்கிப் போகும். ஈரம் எஃகு உருளையில் துருவையும் பிடிக்க வைக்கும். சதை போய் நரம்பு வலை மட்டும் நிற்கிற காய்ந்த இலைதான் இதற்குச் சரி. முற்றிய அரசிலையை மூன்று நான்கு வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு, நாற்றம் வரும்போது தண்ணீரை மாற்றி, சதை குழைந்ததும் மிருதுவான பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுங்கள். தேய்த்தால் கிழியும். பிறகு பழைய செய்தித்தாள்களுக்கு நடுவில் கனம் வைத்து நன்றாகக் காய வையுங்கள்.

அடுத்தது தகடு. 0.8 மி.மீ. கனத்துக்குக் குறையாமல் எடுங்கள், அழுத்தத்தில் அது கொஞ்சம் மெலியும். வாங்கிய தகடு பெரும்பாலும் விறைப்பாக இருக்கும், அதில் எந்த இலையும் பதியாது. வெளிச்சம் குறைந்த இடத்தில் வைத்து, தகடு மங்கலான சிவப்புக்கு வரும்வரை சூடேற்றுங்கள். சிவப்பு மறைந்ததும் தண்ணீரில் போட்டு, கறை நீக்கி, ஈரமில்லாமல் துடையுங்கள். பட்டறை வெளிச்சம் அதிகமாக இருந்தால் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. தெரியும்வரை காய்ச்சுகிறேன் என்று போனால் தகட்டின் மேல்தோல் சுருங்கிவிடும்.

கீழே மழமழப்பான பித்தளைத் தகடு, அதன்மேல் இலை, அதன்மேல் வெள்ளி. இந்த அடுக்கை ஒரே முறை, ஒரே மூச்சில் மில்லுக்குள் விடவேண்டும். கைப்பிடியைச் சுற்றக் கொஞ்சம் சிரமப்படுகிற அளவுக்கு இடைவெளி இருந்தால் சரி. இன்னொரு தடவை விட்டால் நன்றாக விழும் என்று தோன்றும்; செய்யாதீர்கள், நரம்பு இரட்டையாகத் தெரியும். சரியான இறுக்கம் எது என்பதை முதலில் ஒரு செப்புத் துண்டில் பார்த்துக்கொள்வது மலிவு.

இன்னொன்று. தகடு உருளும் திசையில் நீளும். முன்கூட்டியே இலை வடிவில் வெட்டி வைத்திருந்தால் அரசிலை மாவிலை ஆகிவிடும். பதித்த பிறகே வெட்டுங்கள். வளைக்கும்போது மரக்கட்டைக் குழியில் வைத்து மரச்சுத்தியால் தட்டுங்கள்; இரும்புச் சுத்தி நரம்பை நசுக்கும்.

10×8 மி.மீ. நிலாக்கல்லுக்கு வெள்ளிக் கட்டடம் (கல்லைச் சுற்றி மெல்லிய பட்டை நிறுத்தி, விளிம்பை மடக்கிப் பிடிக்கும் அமைப்பு) கட்டினேன். கல் ஆடுகிறது. விளிம்பை இறுக்கி அழுத்தினால் கல் ஓரத்தில் விரிசல் விட்டது. இதே கல்லுக்குக் கடையில் இருந்த நீல ஒளியும் இப்போது இல்லை.
— வாசகர், திருச்சி

மூன்று தொல்லைக்கும் மூலம் கட்டடத்தில்தான் இருக்கிறது.

முதலில் அளவு. முட்டை வடிவக் கல்லின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள்: 9 மி.மீ. அதோடு பட்டையின் கனம் 0.3 மி.மீ. சேர்த்து 3.14ஆல் பெருக்கினால் 29.2 மி.மீ. இந்த நீளத்துக்குப் பட்டை வெட்டினால், கல் தானாக உள்ளே இறங்கும், பக்கவாட்டில் ஆடாது. கல்லைத் திணிக்க வேண்டியிருந்தால் சிறிது. உள்ளே சுழன்றால் பெரிது. பட்டைக்குச் சுத்த வெள்ளியே நல்லது. செம்பு கலந்த 92.5 வெள்ளியைவிட (நூற்றில் 92.5 பங்கு வெள்ளி) அது மென்மை, காய்ச்சினாலும் கறுக்காது. உயரம், கல்லின் வளைவு உள்பக்கம் சாயத் தொடங்கும் இடத்துக்கு மேலே அரை முதல் முக்கால் மி.மீ. போதும். அதற்குமேல் விட்டால் மடிப்பு விழும், கல்லும் மறையும்.

கல் மேலும் கீழுமாக ஆடுவதற்குக் காரணம் பெரும்பாலும் பொடி, அதாவது இணைப்பில் உருக்கி ஓடவிடும் பற்றுலோகம். பட்டையை அடித்தகட்டில் ஒட்டும்போது பற்றவைத்த பொடி அதிகமாகி உள்மூலையில் மேடு கட்டியிருக்கும். கல்லின் கூரான அடி விளிம்பு அந்த மேட்டின்மேல் உட்காருகிறது. நீங்கள் மேலே இறுக்க இறுக்க, முழு அழுத்தமும் அந்த ஒரு புள்ளியில் விழும். நிலாக்கல் ஃபெல்ட்ஸ்பார் இனம். ஏறக்குறைய ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு தளங்களில் எளிதில் பிளக்கும். வைரம் பதிக்கிற கை பலத்தை இதில் காட்டக்கூடாது. பொடித் துண்டுகளைப் பட்டையின் வெளிப்பக்கம் வைத்து ஊதினால் உள்ளே மேடு கட்டுவது பெரிதும் குறையும். அப்படியும் கட்டினால் சிறு உளியால் செதுக்கி எடுங்கள், அல்லது கல்லைவிடக் கொஞ்சம் சிறியதாக மெல்லிய தகடு ஒன்றை வெட்டி அடியில் போட்டுக் கல்லை உயர்த்துங்கள்.

விளிம்பை மடக்கும்போது ஒரு மூலையிலிருந்து சுற்றிக்கொண்டே வரக்கூடாது. மேல், கீழ், இடம், வலம் என்று எதிரெதிராக நான்கு இடத்தில் லேசாகச் சாய்த்து, பிறகு இடைப்பட்ட இடங்களுக்கு வாருங்கள்.

ஒளி போனதற்குக் காரணம் பளபளப்பான வெள்ளி அடித்தளம். நீல மினுக்கம் கல்லின் உள்ளடுக்குகளில் ஒளி சிதறுவதால் வருவது. பின்னாலிருந்து கண்ணாடிபோல ஒளி திரும்பி அடித்தால் அது அமுங்கிவிடும். கல்லைப் பதிக்குமுன் அடித்தகட்டைக் கறுப்பாக்கிவிடுங்கள். இலங்கையின் மீட்டியாகொடையில் எடுக்கப்படுகிற நீலச் சாயல் கல்லுக்கு இது மிகவும் பொருந்தும். பழுப்பு, சாம்பல் உடல் கொண்ட காங்கேயத்துக் கல்லுக்கு அவ்வளவு கட்டாயமில்லை.

இலை டாலரில் வளையம் பற்றவைக்கப் போனால் இலையின் நுனி உருகி உருண்டையாகிவிடுகிறது. பொடியும் நரம்புக்குள் ஓடிப் பதிவை அடைக்கிறது.
— வாசகர், கும்பகோணம்

92.5 வெள்ளி சுமார் 800 டிகிரியில் உருகத் தொடங்குகிறது. கடினப் பொடி (அதிகச் சூட்டில் ஓடுவது) ஓடும் சூடு அதற்குச் சற்றுக் கீழேதான். இடையில் இருப்பது சில பத்து டிகிரிதான். மெல்லிய நுனி அந்த இடைவெளியைக் கண்மூடித் திறப்பதற்குள் தாண்டிவிடும். தீயை இணைப்பின்மேல் நேராகக் காட்டாமல், கனமான பக்கத்தைச் சுற்றிச் சுற்றிச் சூடேற்றுங்கள். பொடி எப்போதும் சூடு அதிகமான பக்கமே ஓடும். பொடி ஓட உதவப் பூசும் வெண்காரம் கண்ணாடிபோலத் தெளிந்ததும் பொடி ஓடப்போகிறது என்று அர்த்தம், தீயை எடுக்கத் தயாராகுங்கள்.

வேலை வரிசையையும் பாருங்கள். கட்டடப் பட்டையின் இணைப்புக்குக் கடினப் பொடி, பட்டையைத் தகட்டில் ஒட்ட நடுத்தரம், கடைசியாக வளையத்துக்கு இவற்றைவிடக் குறைந்த சூட்டில் ஓடும் இளம்பொடி. எல்லாவற்றுக்கும் ஒரே பொடியைப் போட்டால் மூன்றாவது சூட்டில் முதல் இணைப்பு வாயைத் திறக்கும்.

நரம்பில் பொடி ஓடாமல் இருக்க, காவிக்கல்லைத் தண்ணீரில் குழைத்து அந்த இடத்தில் பூசிக் காயவிடுங்கள். காவி இருக்கும் இடத்தைப் பொடி தொடாது. இணைப்பின்மேல் ஒரு துளி பட்டாலும் அங்கேயும் ஒட்டாது, ஆகவே மெல்லிய தூரிகை வேண்டும்.

பொடி வாங்கும்போது காட்மியம் இல்லாதது என்று கேட்டு வாங்குங்கள். நகைத் தெருவில் கேடிஎம் என்று சொல்லப்படுவதில் இருப்பது இந்தக் காட்மியம்தான். அதன் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்பது சமாதானம்.

சூட்டுக் கறை போக அமிலக் கரைசலில் போட்டு எடுத்த வெள்ளி இளஞ்சிவப்பாக வருகிறது. கலப்பட வெள்ளியா?
— வாசகி, மதுரை

இல்லை. கரைசலில் இரும்புக் குறடோ கட்டுக்கம்பியோ பட்டிருக்கும். ஏற்கெனவே கரைந்திருந்த செம்பு, இரும்பு பட்டதும் வெள்ளியின்மேல் படிகிறது. செம்பு அல்லது பிளாஸ்டிக் இடுக்கி பயன்படுத்துங்கள், கட்டுக்கம்பியை அவிழ்த்துவிட்டுப் போடுங்கள். வீட்டில் செய்பவர்களுக்குக் கந்தக அமிலத்தைவிடச் சூடான சிட்ரிக் அமிலக் கரைசலே மேல். மெதுவாக வேலை செய்யும், அவ்வளவுதான். மெருகேற்றிய பிறகு சாம்பல் நிறத் திட்டுகள் தெரிந்தால் அது வேறு சங்கதி. அதிகச் சூட்டில் வெள்ளியில் கலந்த செம்பு உள்ளேயே ஆக்ஸைடு ஆகியிருக்கிறது. தேய்த்துத்தான் எடுக்கமுடியும். அடுத்த முறை சூடேற்றும் முன்பே தகடு முழுக்கப் போரிக் அமிலமும் ஸ்பிரிட்டும் கலந்து பூசுங்கள்.

உண்மையான இலையையே செம்பால் மூடி நகையாக்குகிறார்களே, அதை வீட்டில் செய்யலாமா?
— வாசகர், கோவை

செய்யலாம். ஆனால் குழந்தைகள் இருக்கும் வீட்டின் சமையலறையில் வேண்டாம்.

கரைசலில் உள்ள செம்பை மின்சாரத்தால் இலைமேல் படியவைப்பதே இந்த முறை. முதலில் காய்ந்த இலைக்கு இரண்டு கை வார்னிஷ் அடித்து முழுவதும் மூடவேண்டும். ஓட்டை இருந்தால் கரைசல் இலைக்குள் போய் அழுகும். அதன்மேல் மின்சாரம் கடத்தும் கிராஃபைட் பூச்சு. கரைசலுக்கு, லிட்டருக்கு 200 கிராம் செப்பு சல்பேட், 50 முதல் 60 கிராம் கந்தக அமிலம். அமிலத்தைத்தான் தண்ணீரில் மெதுவாக விடவேண்டும், தண்ணீரை அமிலத்தில் விட்டால் கொதித்துத் தெறிக்கும். இலையை எதிர்முனையிலும் (−) சுத்தமான செம்புத் தகடுகளை இருபுறமும் நேர்முனையிலும் (+) இணையுங்கள்.

மின்னோட்டம்தான் முக்கியம். சதுர செ.மீ.க்கு 10 மில்லி ஆம்பியர் என்று கணக்கு. ஒரு பக்கம் 15 சதுர செ.மீ. உள்ள இலைக்கு இரு பக்கமும் சேர்த்து 0.3 ஆம்பியர். செம்பு முழுவதும் படரும்வரை அதில் பாதியே போதும். இந்த வேகத்தில் மணிக்கு சுமார் 13 மைக்ரான் படியும், 12 மணி நேரத்தில் 0.15 மி.மீ. வரும். அவசரப்பட்டு மின்னோட்டத்தைக் கூட்டினால் இலை ஓரத்தில் மிளகுபோல முண்டுகள் கட்டும், இன்னும் கூட்டினால் கறுத்து உதிரும். ஓரங்களிலும் நுனியிலும் மின்சாரம் குவிவதுதான் காரணம்.

பலர் கோட்டைவிடும் இடம் வளையம். முடிந்த இலையில் தீ காட்டினால் உள்ளே இருக்கும் இலை கருகி, வாயு அடைபட்டு, ஓடு வெடிக்கும். வளையத்தைத் தொடக்கத்திலேயே காம்பில் ஒட்டி, அதற்கும் சேர்த்துக் கிராஃபைட் பூசிவிடுங்கள். கரைசலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். வடிகட்டி வைத்தால் திரும்பத் திரும்பப் பயன்படும்.

நரம்பைக் கறுப்பாக்க முட்டை போதும் என்கிறார்களே?
— வாசகி, தஞ்சாவூர்

போதும். அவித்த முட்டையின் மஞ்சள் கருவைச் சூடாகவே நசுக்கி, நகையோடு மூடிய டப்பாவில் சில மணி நேரம் வைத்தால், அதிலிருந்து வரும் கந்தக வாயு வெள்ளியைக் கறுக்க வைக்கும். மேடான இடத்தை மட்டும் தேய்த்தால் நரம்பு எழுந்து தெரியும். சீக்கிரம் வேண்டுமென்றால் கடையில் கிடைக்கும் கந்தகக் கரைசல். ஆனால் முத்து, பவளம், பேரோஜா (டர்க்காய்ஸ்) பதித்த நகையை அதில் முக்கக்கூடாது, துளைகளில் ஊறி நிறம் கெடும். கறுப்பாக்கிவிட்டுக் கல்லைப் பதியுங்கள்.

நிலாக்கல்லை மோதிரத்தில் வைக்கலாமா, டாலரில்தான் வைக்கவேண்டுமா?
— வாசகி, ஈரோடு

டாலர் அல்லது தோடு. தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் மணலின் கடினம் மோஸ் அளவுகோலில் 7, நிலாக்கல்லுக்கு 6 முதல் 6.5 வரை. மோதிரத்தில் துடைக்கும்போதெல்லாம் கீறல் விழும். மோதிரம்தான் வேண்டுமென்றால் கட்டட விளிம்பைக் கல்லின் தோள் வரை உயர்த்திச் செய்யச் சொல்லுங்கள், பாத்திரம் துலக்கும்போது கழற்றி வையுங்கள். அல்ட்ராசானிக் கருவியில் போடாமல், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு சுத்தம் செய்யலாம்.