ஐப்பசி மழைக்குத் தோப்பில் முளைக்கும் வெள்ளைக் காளானைச் சாப்பிடலாமா? விஷக் காளானை எப்படிக் கண்டுபிடிப்பது?

தோப்பில் முளைத்த வெள்ளைக் காளானைப் படம் எடுத்துப் போட்டு, சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் படத்தை வைத்து யார் ‘சாப்பிடலாம்’ என்று சொன்னாலும் நம்பாதீர்கள். குடை மட்டும்தான் தெரிகிறது. வெள்ளைக் குடை எத்தனையோ காளானுக்கு உண்டு. பார்க்க வேண்டியது பாதிக்கு மேல் மண்ணுக்குள் இருக்கிறது.

எனக்கு நத்தம் பக்கம். செம்மண், மாந்தோப்பு, வரப்புக்கு வரப்பு கரையான் புற்று. ஐப்பசி, கார்த்திகையில் ரெண்டு நல்ல மழை இறங்கி, நடுவில் கொஞ்சம் வெயிலும் அடித்தால் புற்றுக்காளான் வரும். இடி இடித்தால்தான் முளைக்கும் என்று ஊரில் சொல்வார்கள். இடியோடு வருகிற மழை மண்ணை ஊற வைத்துவிடுகிறது, அவ்வளவுதான் என்பது என் கணிப்பு. பெரும்பாலும் வருஷா வருஷம் அதே இடத்தில்தான் முளைக்கும். அதனால் சம்பந்தி வீட்டுக்குக்கூட இடத்தைச் சொல்ல மாட்டார்கள். விடிவதற்குள் போய்விட வேண்டும். வெயில் ஏறினால் ஒன்று விரிந்து புழு வைத்திருக்கும், இல்லையென்றால் வேறு யாராவது பிடுங்கியிருப்பார்கள்.

இதை வளர்ப்பது கரையான். மரத்தையும் சருகையும் மென்று விழுங்கி, அந்தக் கழிவை வைத்து மண்ணுக்கடியில் துளைத்துளையாக ஓர் அடை கட்டுகிறது. அதில் ஒரு பூஞ்சையை வளர்க்கிறது. மரத்தில் இருக்கும் கடினமான நாரைப் பூஞ்சை உடைத்துக் கொடுக்க, கரையான் அதைத் தின்று பிழைக்கிறது. இந்த விவசாயம் தொடங்கிச் சுமார் 3 கோடி வருஷம் ஆகிறது என்கிறார்கள். மழைக்காலத்தில் அந்தப் பூஞ்சை மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே தலைகாட்டுவதுதான் புற்றுக்காளான். சிப்பிக் காளான், பால் காளான் மாதிரி இதைப் பண்ணையில் வளர்க்க முடியாததும் இதனால்தான். கரையானையும் சேர்த்தல்லவா வளர்க்க வேண்டும்!

அடையாளமும் இங்கிருந்துதான் வருகிறது. முதலில் மண் லேசாக வெடித்திருக்கும். வெடிப்பில் சாம்பல் நிறத்தில் ஒரு கூர்முனை தெரியும். மண்ணைக் குத்திக்கொண்டு வந்த முனை அது. குடை விரிந்த பிறகும் நடுவில் அந்தக் கூம்பு அப்படியே நிற்கும். ஒரு குச்சியை ஓரமாக இறக்கி மண்ணை நெகிழ்த்தி மெதுவாக இழுத்தால், தண்டுக்குக் கீழே வேர் மாதிரி ஒரு வால் வந்துகொண்டே இருக்கும். கீழே போகப் போக மெலிந்து, நிறம் கறுத்து, கடைசியில் பட்டென்று அறும். அந்த வால் கரையான் அடை வரைக்கும் போகிறது. தண்டைக் கிழித்தால் நார் நாராகப் பிரியும். புற்றை மட்டும் தோண்டிவிடாதீர்கள், அடுத்த வருஷம் ஒன்றும் இருக்காது.

இதே மாதிரி கரையான் வளர்க்கும் இன்னொரு சின்னக் காளான் அரிசிக்காளான். அதற்கு இந்த வால் கிடையாது. கரையான் தன் அடையைத் துண்டு துண்டாக மேலே கொண்டுவந்து போடுகிறது. அதிலிருந்து பொடிப்பொடியாகத் தரை முழுக்க முளைத்துக் கிடக்கும். பொறுக்குவதற்குள் இடுப்பு போய்விடும்.

நான் பயப்படுவது புல்தரையில் முளைக்கும் பெரிய வெள்ளை நாய்க்குடைக்குத்தான். குடையின் மேல் பழுப்பாகச் செதில், தண்டில் மோதிரம் போட்ட மாதிரி ஒரு வளையம், வால் இல்லை. குடைக்கு அடியில் மடிப்பு முதலில் வெள்ளையாகத்தான் இருக்கும், முற்றினால் பச்சை பாய்ந்துவிடும். சந்தேகம் வந்தால் குடையை மட்டும் நறுக்கி வெள்ளைத்தாளில் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். சில மணி நேரத்தில் தூள் கொட்டும். பச்சைத் தூள் என்றால் இந்த ஆசாமிதான். தின்றால் ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் வாந்தியும் பேதியும் புரட்டியெடுக்கும். பச்சை இல்லை என்பதற்காக நல்ல காளான் என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள்.

அப்புறம், வெள்ளிக் காசு கறுக்கிறதா பார், பூண்டு நிறம் மாறுகிறதா பார், பூச்சி தின்றிருந்தால் நாமும் தின்னலாம் என்பதெல்லாம் சுத்தப் பொய். மஞ்சள் போட்டுக் கொதிக்க வைத்தால் விஷம் போய்விடும் என்பதும் அப்படியே. ஈரலை அழிக்கும் காளான் விஷம் கொதித்தாலும் போகாது. அதில் இன்னொரு மோசம், ஆறு மணி நேரம், சில சமயம் அரை நாள் வரைக்கும் ஒன்றுமே தெரியாது. பிறகு வாந்தி பேதி வந்து, நடுவில் சரியானது போலத் தோன்றி, அதற்குள் ஈரல் கெட ஆரம்பித்திருக்கும். 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் தின்று பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள், பெரும்பாலும் தேயிலைத் தோட்டக் குடும்பங்கள். காளான் தின்ற பிறகு வயிறு புரட்டினால், நின்றுவிட்டது என்று வீட்டில் இருக்காமல் மிச்சக் காளானையும் எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நான் புற்றுக்காளான், அரிசிக்காளான் இரண்டைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. அதையும் எங்கள் அப்பத்தாவோடு போய்ப் பிடுங்கித்தான் கற்றுக்கொண்டேன். உங்கள் ஊரில் பல வருஷமாகப் பறித்துச் சாப்பிடுகிற பெரியவர் யாராவது இருந்தால் ஒரு மழைக்கு அவர் பின்னாலேயே போங்கள். களைக்கொல்லி அடித்த தோப்பில் மட்டும் நல்ல காளானே முளைத்தாலும் வேண்டாம்.

கிடைத்தால் அன்றைக்கே சமைத்துவிடுங்கள், மறுநாள் கொழகொழத்துவிடும். மண் ஒட்டிய வாலைச் சீவிவிட்டு, விரிந்ததை உதறிப் புழு பார்த்து, மூன்று நான்கு தண்ணீரில் அலசுங்கள். கத்தி வேண்டாம், கையால் கிழித்தால் போதும். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தை வதக்கிக் காளானைப் போட்டால் அதுவே தண்ணீர் விடும். அது சுண்டி வரும்போது அம்மியில் தட்டிய மிளகும் சீரகமும் போட்டு இறக்குங்கள். தக்காளியும் கரம் மசாலாவும் போட்டு அதன் வாசத்தைக் கெடுத்துவிட வேண்டாம்.