படம் ஓரிடம், பட்டியல் ஓரிடம்: கேள்வி பதில்

படங்களை அடுக்கித் தரும் மென்பொருள்கள் அவற்றை உண்மையில் எங்கே வைக்கின்றன, எப்படித் தொலைந்துபோகின்றன என்று பலர் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன். கேமரா, லென்ஸ் தேர்வு என் துறை அல்ல.

கேள்வி: அடோபியின் படம் அடுக்கும் மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கில் வாரம் தவறாமல் பேக்கப் எடுத்தேன். படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. பேக்கப்பைத் திறந்தால் ஃபோல்டர்களில் கேள்விக்குறி, படங்களில் ஆச்சரியக்குறி. என் படங்கள் எங்கே சார்?

படித்ததும் மனம் கனத்தது. நீங்கள் எடுத்தது படங்களின் பேக்கப் அல்ல, பட்டியலின் பேக்கப்.

நூலகத்தில் அட்டைப் பெட்டி ஒன்று இருக்கும். எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் என்று அட்டைகள் சொல்லும். புத்தகம் பெட்டிக்குள் இருக்காது. லைட்ரூம் கேட்லாக் அப்படிப்பட்ட அட்டைப் பெட்டிதான். அது எஸ்கியூலைட் என்ற வகைத் தரவுத்தளம், அதாவது தகவல்களை அடுக்கி வைக்கும் ஃபைல். படம் எந்த டிஸ்கில் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, எத்தனை நட்சத்திரம் கொடுத்தீர்கள், வெளிச்சத்தை எவ்வளவு கூட்டினீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். படம் இருக்காது. மென்பொருளை மூடும்போது "பேக்கப் எடுக்கவா?" என்று அது கேட்பது இந்தப் பெட்டியை மட்டும்தான். அந்தச் சொல் எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறது.

ஒரு வழி மிச்சம் இருக்கலாம். கேட்லாக் வேறு டிஸ்கில் இருந்ததா? அப்படியானால் அதன் பக்கத்திலேயே முன்னோட்டப் படங்களின் தொகுப்பு இருக்கும். ஸ்மார்ட் ப்ரிவியூ என்ற சிறிய பிரதிகளை உருவாக்கியிருந்தால் நீண்ட பக்கம் 2560 பிக்சல் வரை உள்ள படங்களாவது கிடைக்கும். ஆகவே எதையும் அழிக்காதீர்கள், "காணாமல் போன படங்களை நீக்கு" என்ற கட்டளையைத் தொடவே தொடாதீர்கள். பழைய மெமரி கார்டுகளையும் தேடுங்கள். அவற்றில் புதிதாக எதுவும் எழுதாமல் ஃபோட்டோரெக் போன்ற மீட்புக் கருவியால் முதலில் படித்துப் பாருங்கள்.

மற்றவர்களுக்கு: பேக்கப் எடுத்தால் போதாது, அதை இன்னொரு கணினியில் திறந்து பாருங்கள். இதை இன்று பலமுறை சொல்வேன்.

கேள்வி: ஆப்பிள் போட்டோஸ் லைப்ரரி ஒரே ஃபைலாகத் தெரிகிறது. அதை வெளி டிஸ்கில் காப்பி செய்துவிட்டேன். இனிப் பயமில்லைதானே?

பயம் இருக்கிறது. அது ஒரே ஃபைல் அல்ல, ஃபைல் போலத் தோற்றம் காட்டும் ஃபோல்டர். உள்ளே ஒரிஜினல் படங்களும் தரவுத்தளமும் இருக்கும். படங்களின் பெயர்கள் நீளமான எண்ணும் எழுத்துமாக மாறியிருக்கும். உள்ளே போய்க் கையால் எதையும் நகர்த்தக் கூடாது.

அதைவிட முக்கியம், அமைப்புகளில் "சேமிப்பிடத்தை மிச்சப்படுத்து" என்பது இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால், இடம் குறையும்போது முழு அளவுப் படங்கள் ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுடில் மட்டும் இருக்கும், உங்கள் மேக்கில் சிறிய பிரதிகள்தான் இருக்கும். அந்த லைப்ரரியைக் காப்பி செய்தால் சிறிய பிரதிகளைத்தான் காப்பி செய்கிறீர்கள். ஒரிஜினல்களை இறக்கும் தேர்வுக்கு மாற்றி, எல்லாம் இறங்கி முடிந்த பிறகு காப்பி எடுங்கள். எடுத்ததைத் திறந்து பாருங்கள்.

கேள்வி: போனில் இடம் இல்லை என்று கூகுள் போட்டோஸ் செயலியில் அழித்தேன். கிளவுடிலும் போய்விட்டது. ஏன்?

அது சிங்க். சிங்க் என்றால் இங்கே நடப்பது அங்கேயும் நடக்கும், அழிப்பும் சேர்த்து. பேக்கப் என்றால் இங்கே அழிந்தாலும் அங்கே நிற்கும். பேக்கப் ஆன படங்கள் கூகுள் போட்டோஸ் குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், ஆகாதவை 30 நாள். இப்போதே போய் மீட்டெடுங்கள். போனில் மட்டும் இடம் வேண்டுமென்றால் அந்தச் செயலியிலேயே "இடத்தைக் காலியாக்கு" என்று தனியாக இருக்கிறது.

கேள்வி: ஐபேடில் அழித்தால் ஐபோனிலும் போகுமா?

ஐகிளவுட் போட்டோஸ் இயங்கினால் போகும். "சமீபத்தில் அழித்தவை" பகுதியில் பாருங்கள்.

கேள்வி: எந்தக் கேமரா வாங்கலாம்?

மன்னிக்கவும், மேலேயே சொல்லிவிட்டேன்.

கேள்வி: கூகுளில் உள்ளதை மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட்டில் எல்லாப் படங்களையும் இறக்கினேன். எல்லாவற்றிலும் இன்றைய தேதி! கூடவே ஜேசான் என்ற எழுத்துக் குறிப்பு ஃபைல்கள் குப்பை போல வருகின்றன. அழித்துவிடலாமா அண்ணா?

வேண்டாம்! கேமரா எழுதிய தேதி பெரும்பாலும் படத்துக்குள்ளேயே, எக்ஸிஃப் என்ற குறிப்புப் பகுதியில் பத்திரமாக இருக்கும். நீங்கள் பார்ப்பது ஃபைல் கணினிக்கு வந்த தேதி. ஆனால் கூகுள் போட்டோஸில் நீங்களே திருத்திய தேதி, இடம், எழுதிய விவரம் எல்லாம் அந்த ஜேசான் ஃபைலில்தான் வரும். ஸ்கேன் செய்த பழைய படங்களுக்கு அதுதான் ஒரே சாட்சி. எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவியால் அதிலிருந்து படத்துக்குள் எழுதலாம். என் கட்சி எப்போதும் அதுதான்: படத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தது படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

கேள்வி: கடைசி வரியை ஏற்க முடியவில்லை. ஒரிஜினலை யாரும் தொடக் கூடாது. எனக்கு ஒருமுறை மென்பொருள் குறிச்சொற்களை எழுதிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. சுமார் 300 படங்கள் பாதியோடு நின்றன. அன்றிலிருந்து ஒரிஜினல்களை எழுத முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறேன்.

உங்கள் இழப்பு உண்மை, அதற்கு வருந்துகிறேன். ஆனால் குற்றம் அந்த மென்பொருள் எழுதிய முறையில் இருக்கிறது. குறிச்சொல் எழுதும்போது படம் மறுபடி சுருக்கப்படுவதில்லை, தரமும் குறைவதில்லை. ஆனால் பெரும்பாலும் ஃபைல் முழுதும் புதிதாக எழுதப்படுகிறது. அதைப் பழைய ஃபைலின் மேலேயே எழுதினால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும். எக்ஸிஃப்டூல் தற்காலிக ஃபைலில் எழுதி முடித்த பிறகுதான் பெயரை மாற்றும், தடுக்காவிட்டால் பழையதையும் பக்கத்தில் விட்டுவைக்கும்.

நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று சொல்கிறேன். எங்கள் குடும்பத்தின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை ஸ்கேன் செய்தபோது என் அத்தை மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து, யார் யார் என்று ஒவ்வொரு முகமாகச் சொன்னார். நான் ஒரு மென்பொருளில் முகங்களுக்குப் பெயர் கொடுத்துக்கொண்டே வந்தேன். பெயர்கள் அதன் தரவுத்தளத்தில் மட்டும் இருந்தன என்று எனக்குத் தெரியாது. கணினி பழுதானது. படங்கள் வேறு டிஸ்கில் இருந்தன, ஒன்றுகூடப் போகவில்லை. பெயர்கள் எல்லாம் போயின. அப்போது அத்தையும் இல்லை. பின்வரிசையில் நிற்கும் பெண்கள் பலர் இன்று எங்களுக்கு வெறும் முகங்கள்.

கேள்வி (அதே நண்பர்): அத்தை விஷயம் கேட்டு வருத்தமாக இருக்கிறது. ஆனால் அதற்குத்தான் குறிப்புகளைப் படத்தின் பக்கத்தில் தனியாக வைக்கும் துணை ஃபைல், எக்ஸ்எம்பி, இருக்கிறதே. இன்னொன்று, ஒவ்வொரு முறை எழுதும்போதும் ஃபைல் மாறினால் செக்சம், அதாவது ஃபைல் மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கும் எண், மாறும். டிஸ்க் பழுதால் கெட்டதா, நீங்கள் எழுதியதால் மாறியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

இரண்டாவது கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அதில் நீங்கள் சொல்வதுதான் சரி. மாறாத ஃபைலைத்தான் செக்சம் காவல் காக்க முடியும்.

முதலாவதில் உடன்படவில்லை. கேமரா பதப்படுத்தாமல் தரும் ரா ஃபைலுக்குத் துணை ஃபைல் சரி, வேறு நல்ல வழியும் இல்லை. வழக்கமான ஜேபெக் படத்தில் அது நிலைக்காது. லைட்ரூம் ஜேபெக்குக்குத் துணை ஃபைலைப் படிப்பதே இல்லை, படத்துக்குள் உள்ளதைத்தான் பார்க்கும். பெயர் வைப்பதிலும் ஒற்றுமை இல்லை. படத்தின் பெயரோடு எக்ஸ்எம்பி என்று மட்டும் சேர்ப்பது அடோபி வழக்கம். டிஜிகாம், டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருள்கள் இரண்டும் ஜேபிஜி என்ற வாலையும் விட்டுவைத்து அதன் பின் சேர்க்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பத்துப் படத்தைப் பென்டிரைவில் போட்டுத் தங்கைக்குக் கொடுப்பவர் துணை ஃபைலை எடுத்துப் போவாரா?

கேள்வி (அதே நண்பர்): போக மாட்டார், ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் இரண்டு தொகுப்பு. தொடாத ஒரிஜினல்கள் செக்சம் பட்டியலோடு ஒரு டிஸ்கில், பெயர் எழுதிய பிரதிகள் இன்னொன்றில். சம்மதமா?

முழுச் சம்மதம். நான் இதுவரை அப்படிச் செய்யவில்லை. இந்த வாரமே தொடங்குகிறேன்.

கேள்வி: எங்கள் கேள்விகளையும் கொஞ்சம் கவனியுங்கள்! பழைய கணினியில் கூகுளின் பழைய படம் அடுக்கும் மென்பொருளான பிகாசா இருக்கிறது. ஃபார்மட் செய்யலாமா?

பொறுத்ததற்கு நன்றி. பிகாசாவுக்கான ஆதரவு 2016 மார்ச்சில் நின்றுவிட்டது. அதில் திருத்திச் சேமித்த படங்களின் ஒரிஜினல்கள், அதே ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் "பிகாசாஒரிஜினல்ஸ்" என்ற உட்ஃபோல்டரில் இருக்கும். மறைந்த ஃபைல்களையும் காட்டும்படி மாற்றிவிட்டு முழு ஃபோல்டரையும் காப்பி எடுங்கள். திருத்தங்களைக் குறித்துவைத்த ஐஎன்ஐ ஃபைல்களையும் விடாதீர்கள். திறந்து பார்த்த பிறகே ஃபார்மட்.

கேள்வி: பெரிய நிறுவனத்தின் கிளவுடில் இருக்கும்போது இவ்வளவு கவலை எதற்கு?

2020 ஆகஸ்டில் ஐபோனுக்கான லைட்ரூம் செயலியின் ஓர் அப்டேட், கிளவுடுக்கு இன்னும் ஏறாத படங்களைப் பலரது போனிலிருந்து அழித்துவிட்டது. அவற்றை மீட்க வழியில்லை என்று அடோபியே அறிவித்தது. 2019இல் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம், சர்வர் மாற்றத்தில் பயனர்களின் பழைய படங்களும் பாட்டுகளும் போய்விட்டதாக ஒப்புக்கொண்டது. பெரிய நிறுவனம் நல்ல இரண்டாவது பிரதி. ஒரே பிரதியாக இருக்கக் கூடாது.

கேள்வி: இரண்டு டிஸ்கில் ஒரே நேரத்தில் ஒன்றையே எழுதும் ரெய்டு போட்டிருக்கிறேன். பேக்கப் வேண்டுமா?

வேண்டும். தவறுதலாக அழித்தால் இரண்டு டிஸ்கிலும் ஒரே நேரத்தில் அழியும்.

கேள்வி: கேட்லாக்கைக் கிளவுட் சிங்க் ஃபோல்டரில் வைத்து இரண்டு கணினியில் பயன்படுத்தலாமா?

வேண்டாம். பாதி எழுதிய தரவுத்தளம் அடுத்த கணினிக்குப் போய்ச் சேர்ந்தால் கேட்லாக்கே கெடும்.

கேள்வி: டேப்லெட்டில் அழித்தால் போனில் போகுமா?

மூன்றாவது, நான்காவது பதில்களைப் படியுங்கள். சிங்க் பேக்கப் அல்ல.

கேள்வி: எங்கள் பாட்டிக்கு 88 வயது. பழைய ஆல்பம் முழுக்க அவருக்குத்தான் ஆட்களைத் தெரியும். பெயர்களைப் பதிய எந்த மென்பொருள் நல்லது?

மென்பொருளை அடுத்த மாதம் தேர்ந்தெடுக்கலாம். ஸ்கேன் செய்யும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். ஆல்பத்தின் ஒவ்வொரு படத்துக்கும் பென்சிலால் பக்கத்தில் எண் போடுங்கள். போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு, நீங்கள் எண்ணைச் சொல்லுங்கள், பாட்டி இடமிருந்து வலமாகப் பெயர்களையும் உறவையும் சொல்லட்டும். ஒரு நாளைக்குப் பத்துப் படம் போதும், அவர் களைத்துப்போகக் கூடாது. அந்த ஒலிப்பதிவை அன்றன்றே இரண்டு இடத்தில் காப்பி எடுங்கள், இரண்டையும் போட்டுக் கேட்டுப் பாருங்கள். இன்று மாலையே தொடங்குங்கள்.