108 கருவிப் பெட்டியை வாங்கலாமா?

கேள்வி: பத்து வருடப் பழைய மாருதி ஆல்ட்டோ வைத்திருக்கிறேன். ஆயில் மாற்றுவது, பிரேக் பேடு மாற்றுவது போன்றவற்றை வீட்டிலேயே செய்ய விருப்பம். இணையத்தில் 108 கருவிகள் கொண்ட பெட்டி 1,499 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா, தரமானதாக ஒவ்வொன்றாக வாங்க வேண்டுமா? – வாசகர், திருப்பூர்

பதில்: வாங்காதீர்கள். அந்த 108-இல் பெரும்பகுதி நீங்கள் தொடவே போகாத ஸ்க்ரூடிரைவர் முனைகள். உங்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது 8, 10, 12, 14, 17, 19 மில்லிமீட்டர் அளவுகள்தான். இவற்றில் ரிங் ஸ்பேனரும் (போல்ட்டின் தலையை வளையமாகச் சுற்றிப் பிடிப்பது) சாக்கெட்டும் (தலைமேல் குப்பிபோல் கவிழ்த்து மாட்டுவது) வாங்குங்கள். தப்பாரியா போன்ற நம் நாட்டுத் தயாரிப்பே வீட்டு வேலைக்குத் தாராளம்.

மட்டமான ஸ்பேனரின் வாய் அளவு சரியாக இருக்காது. இறுகிப்போன போல்ட்டில் மாட்டி அழுத்தினால் வாய் விரியும், போல்ட்டின் மூலைகள் மழுங்கும். அதன்பின் நல்ல ஸ்பேனரும் பிடிக்காது. சாக்கெட்டில் உள்ளே பன்னிரண்டு மூலை உள்ளதை விட்டு, ஆறு மூலை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

'குரோம் வனேடியம்' (உறுதியான எஃகு வகை) என்ற எழுத்தைப் பார்த்து மயங்காதீர்கள். ஸ்டிக்கர் அச்சடிக்க யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். பெட்டியில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. அது இல்லாத பெட்டிகள் கூசாமல் விற்கப்படுகின்றன, கேட்க வேண்டியவர்கள் கேட்பதில்லை. 4,999 என்று விலை அச்சிட்டு 70 சதவீதத் தள்ளுபடி என்கிறார்கள். அந்த விலைக்கு அதை வாங்கியவர் எவருமில்லை. பிரபல பெயர்களிலும் போலி உலவுகிறது. பில் தராத கடையில் வாங்கவே வேண்டாம்.

புனல், பழைய ஆயிலைப் பிடிக்கும் தட்டு, சுத்தியல் எல்லாம் மலிவானதே போதும்.

ஜாக்கியால் தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் ஜாக் ஸ்டாண்டில் மட்டும் ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடிக்காதீர்கள். காருடன் வந்த ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டுமே; அதை நம்பி அடியில் படுக்கக் கூடாது. ஹாலோ பிளாக் கல்லில் காரை நிறுத்துகிறவர்களைத் தெருவுக்குத் தெரு பார்க்கிறேன், வயிறு எரிகிறது. அந்தக் கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். 2020-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய கருவிக்கடை நிறுவனம் தான் விற்ற ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது: உயரத்தைப் பூட்டும் பல் சரியாகப் பிடிக்காமல் சட்டென்று இறங்கும் அபாயம். மாற்றாகக் கொடுத்த சிலவற்றில் வெல்டிங் குறை. அவற்றையும் திரும்பப் பெற்றார்கள். ஆகவே வாங்கும்போது வெல்டிங்கைத் தடவிப் பாருங்கள், பல் முழுதாகப் பதிகிறதா என்று ஏற்றி இறக்கிப் பாருங்கள். எடை தாங்கும் அளவு பொறித்திருக்க வேண்டும். மண் தரையில் வைக்காதீர்கள். காரை ஏற்றியதும் பக்கவாட்டில் நின்று கையால் அழுத்தி ஆட்டுங்கள்; துளி அசைந்தாலும் இறக்கிவிட்டு மறுபடி வையுங்கள்.