பின்னால் இறங்கி ஆடும் ஃபார்வர்டுகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கோலை விட்டு விலகி, நடுக்களத்தை நோக்கி இறங்கி வந்து ஆடும் முன்கள வீரர்களைப் பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

1953இல் வெம்ப்ளியில் இங்கிலாந்தை ஹங்கேரி 6-3 என்று வீழ்த்திய ஆட்டத்தைப் பற்றிப் பேசினாலே ஹிடெகுட்டி பெயர் வருகிறது. அணியில் புஸ்காஸ் இருந்தாரே, ஹிடெகுட்டி அப்படி என்னதான் செய்தார்?

மூன்று கோல் அடித்தார். முதல் கோல் ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம் முடிவதற்குள் விழுந்தது. ஆனால் அந்த மூன்று கோலையும் கணக்கில் எடுக்காவிட்டாலும் அன்றைய ஆட்டத்தின் நாயகன் அவர்தான் என்பேன்.

அந்தக் காலத்து இங்கிலாந்துக் கால்பந்தில் சட்டை எண்ணே வேலையைச் சொல்லிவிடும். எதிரணியின் 9ஆம் எண்காரரை, அதாவது சென்டர் ஃபார்வர்டை, உங்கள் சென்டர் ஹாஃப் (தடுப்பின் நடுவில் நிற்பவர்) பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அன்று அந்த வேலை பிளாக்பூல் வீரர் ஹாரி ஜான்ஸ்டனுக்கு. ஆனால் ஹங்கேரியின் 9ஆம் எண்காரரான ஹிடெகுட்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவே இல்லை. நடுக்களத்துக்கு இறங்கிப் போய் நடுக்கள வீரர் போஜிக்கோடு சேர்ந்துகொண்டு பந்தை வாங்கிப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஜான்ஸ்டன் அவர் பின்னாலேயே போனால் இங்கிலாந்துத் தடுப்பின் நடுவில் பெரிய ஓட்டை விழும். அதில் மற்ற ஃபார்வர்டுகளான புஸ்காஸும் கோச்சிஷும் பாய்வார்கள். போகாமல் தன் இடத்திலேயே நின்றால், ஹிடெகுட்டியைத் தொட ஆளில்லை. அவர் நிதானமாகத் திரும்பி, நிமிர்ந்து பார்த்து, யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். இரண்டில் எதைச் செய்தாலும் தப்பாகிவிடும். ஜான்ஸ்டன் சில நேரம் போனார், சில நேரம் நின்றார். அதன் பிறகு அவர் இங்கிலாந்துக்காக ஆடவே இல்லை. அவர் மீது பழி போடுவது எனக்குச் சம்மதமில்லை. அந்தச் சிக்கலுக்கு அணியாகச் சேர்ந்து விடை கண்டுபிடித்திருக்க வேண்டும். தனி ஆளாக அவர் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

இங்கிலாந்து அதற்குள் விடை தேடிக்கொள்ளவும் இல்லை. ஆறு மாதம் கழித்து புடாபெஸ்டில் நடந்த ஆட்டம் 7-1.

இந்த வகை ஆட்டக்காரர் யாராக இருந்தாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அவர் காலி செய்துவிட்டு வந்த இடத்தில் யார் ஓடுகிறார்கள்? அன்று ஓடியவர்கள் புஸ்காஸும் கோச்சிஷும். அதனால்தான் ஹிடெகுட்டி அவ்வளவு பெரிய ஆளாகத் தெரிந்தார்.

அப்படியென்றால் இந்த முறையைக் கண்டுபிடித்தவர் ஹிடெகுட்டியா?

இல்லை. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் இரண்டு பேருக்கு உரிய பெயர் கிடைக்காமல் போய்விட்டது.

ஒருவர் மார்ட்டன் புகோவி, எம்டிகே கிளப்பின் பயிற்சியாளர். சென்டர் ஃபார்வர்டைப் பின்னால் இழுத்து ஆடவைக்கும் முறையை ஹங்கேரியில் வளர்த்தவர் அவர். இன்னொருவர் அந்தக் கிளப்பில் அந்த இடத்தில் ஆடிய பீட்டர் பலோடாஷ். ஹங்கேரி 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தங்கம் வென்றபோது நடுவில் ஆடியவர் பலோடாஷ்தான். ஹிடெகுட்டி விங்கில், அதாவது பக்கவாட்டில், இருந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் பெர்ன் நகரில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக ஹங்கேரி 0-2 என்று பின்தங்கியபோது, பயிற்சியாளர் செபெஷ் பலோடாஷை வெளியே எடுத்துவிட்டு ஹிடெகுட்டியை அந்த இடத்தில் இறக்கினார். ஆட்டம் 4-2 என்று திரும்பியது. அதோடு அந்த இடம் ஹிடெகுட்டிக்கு நிரந்தரமாகிவிட்டது. பலோடாஷ் ஒன்றும் சாதாரண ஆட்டக்காரர் இல்லை. ஐரோப்பியக் கோப்பையின் முதல் ஹாட்ரிக் அவருடையது, 1955இல் ஆண்டர்லெக்டுக்கு எதிராக.

இவர்களுக்கும் முன்னால் வியன்னாவில் மத்தியாஸ் சிண்டெலார் இருந்தார். மெலிந்த உடம்பு, 'காகித மனிதர்' என்றே அழைத்தார்கள். முட்டி மோதும் தடுப்பாட்டக்காரர்களிடம் மாட்டாமல் இருக்க அவர் இறங்கி வந்து பந்தை வாங்கினார். பயிற்சியாளர் மைஸ்லின் ஆஸ்திரிய அணி அவரைச் சுற்றியே ஆடியது. 1931 மே மாதம் அந்த அணி ஸ்காட்லாந்தை 5-0 என்று தோற்கடித்தது. பியூனஸ் அயர்ஸில் 1940களின் ரிவர் பிளேட் அணியில் அடோல்ஃபோ பெடெர்னேரா இதையே செய்தார். முன்னால் ஓடுவதற்கு லப்ருனாவும் மொரேனோவும் இருந்தார்கள்.

ஆக, மூன்று நாடுகளில் மூன்று பேர் தனித்தனியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். வெம்ப்ளி ஆட்டத்தை உலகமே கவனித்ததால் புகழ் ஹிடெகுட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. இங்கிலாந்திலும் பாடம் கற்றுக்கொண்டவர்கள் உண்டு. மான்செஸ்டர் சிட்டி டான் ரெவியை அப்படியே ஹிடெகுட்டி மாதிரி ஆடவைத்து 1956 எஃப்ஏ கோப்பையை வென்றது.

டி ஸ்டெஃபானோவை இந்தப் பட்டியலில் சேர்ப்பீர்களா?

சேர்ப்பேன், ஆனால் அவர் இந்தப் பட்டியலுக்குள் அடங்கமாட்டார். ரிவர் பிளேட்டில் பெடெர்னேரா விட்டுப்போன இடத்துக்கு வந்தவர் அவர். பிறகு கொலம்பியாவின் மில்லோனாரியோஸில் இருவரும் சேர்ந்தே ஆடினார்கள். அதனால் இந்த வித்தையை அவர் நேரடியாகவே பார்த்துப் படித்திருக்கிறார். ஆனால் ரியல் மாட்ரிட்டில் அவர் தன் கோல் எல்லை வரை இறங்கிப் பந்தைப் பறிப்பார், நடுக்களத்தில் ஆட்டத்தை நடத்துவார், கடைசியில் கோலும் அடிப்பார். 1956 முதல் 1960 வரை ஐந்து ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டிகள், ஐந்திலும் கோல். கடைசியாக கிளாஸ்கோவில் ஐன்ட்ராக்ட் ஃப்ராங்ஃபர்ட்டை 7-3 என்று வென்றபோது இவர் 3, புஸ்காஸ் 4. என்னைக் கேட்டால், முழு ஆட்டக்காரர் என்ற பெயருக்கு இன்றுவரை அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை.

ஃபால்ஸ் நைன், செகண்ட் ஸ்ட்ரைக்கர் இரண்டும் ஒன்றுதானே? ஏன் குழப்புகிறார்கள்?

ஒன்றில்லை. வித்தியாசம் எளிது: அவருக்கு முன்னால் இன்னொரு ஸ்ட்ரைக்கர் நிற்கிறாரா என்று பாருங்கள்.

நின்றால் செகண்ட் ஸ்ட்ரைக்கர். லிவர்பூலில் ரஷ்ஷுக்குப் பின்னால் டால்கிளிஷ், இங்கிலாந்து அணியில் ஷியரருக்குப் பின்னால் ஷெரிங்கம், பிரான்ஸ் அணியில் ஜிரூவுக்குப் பின்னால் கிரீஸ்மன். எதிரணியின் சென்டர் பேக்குகளை (நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர்களை) முன்னால் நிற்பவர் கட்டிப்போட்டுவிடுவார். தடுப்பு வரிசைக்கும் நடுக்களத்துக்கும் இடையில் கிடைக்கும் சந்தில் இவர் வேலை செய்வார். 2018 உலகக் கோப்பையில் ஜிரூ ஒரு கோல்கூட அடிக்கவில்லை என்று பலரும் கேலி செய்தார்கள். கிரீஸ்மன் அவ்வளவு சுதந்திரமாக ஆடியதில் ஜிரூவுக்குப் பெரிய பங்கு உண்டு.

யாரும் நிற்கவில்லை என்றால் ஃபால்ஸ் நைன். அங்கே சென்டர் பேக்குகளுக்குப் பிடிப்பதற்கு ஆளே இருக்காது. விங்கர்களோ மிட்ஃபீல்டர்களோ வெளியிலிருந்து அந்த இடத்துக்குள் பாய வேண்டும். பாயாவிட்டால் முறையே படுத்துவிடும். 2012 யூரோவில் ஃபாப்ரெகாஸை அப்படி ஆடவைத்த ஸ்பெயின், பந்தை வைத்துக்கொண்டே இருந்தது, ஆனால் பல ஆட்டங்களில் முன்னால் போக ஆளில்லாமல் திணறியது. கீவ் நகரில் நடந்த இறுதிப் போட்டியில் மட்டும் எல்லாம் கூடி வந்தது. இடது பேக் ஜோர்டி ஆல்பாவே முன்னால் பாய்ந்து ஒரு கோல் அடித்தார். 4-0.

டால்கிளிஷா, பெர்க்காம்பா? ஒருவரைத்தான் சொல்ல வேண்டும்.

டால்கிளிஷ்.

பெர்க்காம்ப் ரசிகர்கள் கோபப்பட வேண்டாம். 1998 உலகக் கோப்பைக் காலிறுதியில் நெதர்லாந்துக்காக அர்ஜென்டினாவுக்கு எதிராக, ஃபிராங்க் டி போயர் கிட்டத்தட்ட பாதி மைதான நீளத்துக்குத் தூக்கிப்போட்ட பந்தை ஒரு தொடுதலில் இறக்கி, அடுத்ததில் அயாலாவைத் தாண்டி, மூன்றாவதில் கோலுக்குள் அனுப்பினாரே, அந்தக் கோலைவிட அழகானதை உலகக் கோப்பையில் நான் பார்த்ததில்லை. ஆனால் அவருடைய உண்மையான கைவண்ணம் கோலில் இல்லை, பாஸில் இருந்தது. 2001 டிசம்பரில் ஆர்சனலின் ஹைபரி மைதானத்தில் யுவென்டஸுக்கு எதிராக, பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு, சுற்றிலும் ஆள் நிற்க, இப்படித் திரும்பி அப்படித் திரும்பி, லியுங்பர்க் ஓடத் தொடங்கி உள்ளே சேரும்வரை காத்திருந்து கொடுத்தார். பந்து கொடுப்பதில் இவ்வளவு பொறுமை வேறு யாருக்கும் வராது.

இருந்தாலும் டால்கிளிஷ். 1977இல் செல்டிக்கிலிருந்து லிவர்பூலுக்கு வந்தார். அங்கே அவர் இடத்தில் அதற்கு முன் ஆடியவர் கீகன், ரசிகர்களின் செல்லப்பிள்ளை. வந்த முதல் பருவத்திலேயே ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டியின் ஒரே கோலை அடித்தார். அன்றைய மைதானங்கள் குளிர்காலத்தில் சேறாகக் கிடக்கும். பின்னாலிருந்து காலை வாரும் ஆட்டத்தைக் கண்டுகொள்ளாமல் விட்ட காலம். அதில் தடுப்பாட்டக்காரரை முதுகாலும் இடுப்பாலும் தள்ளிவைத்துக்கொண்டு பந்தைக் காப்பாற்றி, ரஷ் எந்தப் பக்கம் ஓடப்போகிறார் என்பதைத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவைத்திருந்தார். லிவர்பூலுக்காக ரஷ் அடித்த 346 கோல்களில் எத்தனை டால்கிளிஷின் காலில் தொடங்கியவை என்று நினைத்துப் பாருங்கள். தானும் 172 அடித்தார். அந்தக் கனமான மைதானத்தில், அத்தனை ஆண்டுகள் விடாமல் ஆடியதுதான் எனக்குத் தராசைச் சாய்க்கிறது.

பார்சிலோனாவில் மெஸ்ஸியை நடுவில் ஆடவைத்தது பயிற்சியாளர் குவார்டியோலாவின் பெரிய கண்டுபிடிப்பு என்கிறார்கள். அதற்கு முன்பே பலர் ஆடிய இடம்தானே?

பழைய இடம்தான். ரோமாவில் ஸ்பல்லெட்டி டோட்டியை அப்படி ஆடவைத்தபோதே இத்தாலியில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். 2007இல் டோட்டி 26 லீக் கோலோடு ஐரோப்பாவின் தங்கக் காலணியையும் வாங்கினார். பார்சிலோனாவிலேயே கிரைஃப் பயிற்சியாளராக இருந்தபோது மைக்கேல் லவ்ட்ரூப் அந்த இடத்தில் ஆடியிருக்கிறார்.

2009 மே 2 அன்று ரியல் மாட்ரிட்டின் பெர்னபியூ மைதானத்தில் நடந்ததில் புதுமை வேறு. சென்டர் ஃபார்வர்ட் எட்டூவை வலது பக்கம் அனுப்பிவிட்டு மெஸ்ஸியை நடுவில் இறக்கினார் குவார்டியோலா. ரியல் மாட்ரிட்டின் கன்னவாரோவும் மெட்செல்டரும் ஜான்ஸ்டனுக்கு வந்த அதே சிக்கலில் மாட்டிக்கொண்டார்கள். முன்னே போனால் பின்னால் விங்கர் ஹென்றி ஓடுகிறார், நின்றால் மெஸ்ஸி நிமிர்ந்துவிடுகிறார். ஆட்டம் 6-2. ஹென்றி இரண்டு, மெஸ்ஸி இரண்டு. ஹென்றி அடித்த முதல் கோலுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்தவர் மெஸ்ஸிதான்.

ஹிடெகுட்டியோ பெடெர்னேராவோ இறங்கி வந்து பந்தைக் கொடுத்துவிட்டு, பிறர் ஓடுவதைப் பெரும்பாலும் நம்பியிருந்தார்கள். மெஸ்ஸி பந்தோடு தானே ஓடினார். தான் காலி செய்த இடத்தைத் தானே போய் நிரப்ப முடிந்தது. 2011-12 லீகில் 50 கோல் வந்தது அதனால்தான்.

ஃபிர்மினோ அடித்த கோல்கள் கொஞ்சம்தான். அவரை ஏன் இவ்வளவு புகழ்கிறார்கள்?

2018-19 பிரீமியர் லீகில் லிவர்பூலுக்காக சலா 22 கோல், மானே 22. ஃபிர்மினோ 12. இந்த மூன்று எண்ணையும் சேர்த்துப் படியுங்கள். நடுவில் இருந்தவர் இறங்கி வந்ததால்தான் இரண்டு பக்கமும் இருந்தவர்களுக்கு உள்ளே வழி கிடைத்தது.

ஹாரி கேனும் இந்த வகைதானா?

டாட்டன்ஹாமுக்காக ஆடிய 2020-21 பருவத்தில் சந்தேகமில்லாமல். பிரீமியர் லீகில் அதிகக் கோலும் (23) அதிக அசிஸ்டும், அதாவது கோலுக்கான கடைசிப் பாஸும், (14) அவரே. சவுத்தாம்ப்டனுக்கு எதிரான 5-2 வெற்றியில் சக வீரர் சோன் அடித்த நான்கு கோலுக்கும் பந்து கொடுத்தது கேன். சோன் மாதிரி ஓட ஆள் இல்லாத ஆட்டங்களில் கேன் இறங்கி வந்தால் பெனால்டி பாக்ஸ் காலியாகக் கிடக்கும். அப்போது ரசிகர்கள் அவரைத் திட்டுவதையும் பார்த்திருப்பீர்கள்.

இப்படி ஆடுபவரைத் தடுக்கவே முடியாதா?

முடியும். 1954 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் மேற்கு ஜெர்மனி செய்தது. ஹிடெகுட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையைச் சென்டர் ஹாஃபுக்குக் கொடுக்காமல், ஹோர்ஸ்ட் எக்கெல் என்ற நடுக்கள ஹாஃபுக்குக் கொடுத்தார் பயிற்சியாளர் ஹெர்பெர்கர். ஓய்வில்லாமல் ஓடக்கூடியவர் எக்கெல். ஹிடெகுட்டி எங்கே இறங்கினாலும் பக்கத்தில் அவர் இருந்தார்; நடுவில் சென்டர் ஹாஃப் தன் இடத்தை விடாமல் நிற்க முடிந்தது. எட்டு நிமிடத்தில் 0-2 என்று பின்தங்கியும் ஜெர்மனி 3-2 என்று வென்றது. இன்றும் டிஃபென்சிவ் மிட்ஃபீல்டரை வைத்துச் செய்வது இதைத்தான்.

எங்கள் ஊர் அணியில் நான் சென்டர் ஃபார்வர்ட். இறங்கி வந்து பந்து வாங்கினால் கோச் "மேலயே நில்லுடா" என்று கத்துகிறார். பெர்க்காம்ப் மாதிரி ஆட ஆசை. என்ன செய்யலாம்?

தம்பி, முதலில் ஒன்றைக் கவனியுங்கள்: நீங்கள் இறங்கும்போது உங்கள் அணியில் யாராவது முன்னால் ஓடுகிறார்களா? யாரும் ஓடவில்லை என்றால் கோச் சொல்வது சரி. நீங்கள் நல்ல பாஸ் வாங்கித் திரும்பி நிற்பீர்கள், கொடுக்க ஆளிருக்காது.

அதனால் கோச்சிடம் பேசுவதற்கு முன் விங்கரிடம் பேசுங்கள். நீங்கள் இரண்டடி இறங்கியதும் அவர் கிளம்ப வேண்டும். பந்து உங்களிடம் வந்த பிறகு கிளம்பினால் தாமதம். பயிற்சியில் இந்த ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அப்புறம், பந்து வருவதற்கு முன்பே தோளுக்கு மேல் ஒருமுறை பின்னால் பார்த்துவிடுங்கள். சென்டர் பேக் ஒட்டிக்கொண்டு வருகிறாரென்றால் ஒரே தொடுதலில் பக்கத்து மிட்ஃபீல்டருக்குக் கொடுத்துவிடுங்கள். அவர் விங்கருக்கு அனுப்பட்டும். ஒட்டி வரவில்லையென்றால் திரும்புங்கள். நேராகக் கோலுக்கு முதுகு காட்டி நிற்காமல் பக்கவாட்டில் நின்று வாங்கினால் திரும்புவது எளிது.

கொடுத்த பிறகு அங்கேயே நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். பாக்ஸுக்கு ஓடுங்கள். பந்து பக்கவாட்டிலிருந்து உள்ளே வரும்போது கடைசியாக வந்து சேர்பவரை யாரும் பிடித்திருக்கமாட்டார்கள். இரண்டு ஆட்டத்தில் அப்படி ஒரு கோல் விழுந்தால் கோச் கத்துவதை நிறுத்திவிடுவார்.