மாதிரிப் புகையிரத இயந்திரங்களின் ஒலி: கேள்வி பதில்

நல்லூர்: எனது எச்ஓ அளவு (நிஜத்தில் 87இல் ஒரு பங்கு) டீசல் இயந்திரம் தகர டப்பாவுக்குள் இரைவதுபோல் ஒலிக்கிறது. விலை கூடிய ஸ்பீக்கர் வாங்க வேண்டுமா, ஐயா?

பதில்: முதலில், இருக்கும் ஸ்பீக்கரின் முதுகு மூடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது முன்னால் காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்னால் இழுக்கிறது. இரண்டு அலைகளும் சந்திக்க வழியிருந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும், முதலில் தொலைவது தாழ்ந்த சுருதியே. 1 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் தகட்டில் ஐந்து பக்கப் பெட்டி செய்து, ஆறாவது பக்கமாக ஸ்பீக்கரை ஒட்டி, கம்பி வெளியேறும் துளையையும் அடையுங்கள். பின்னர் இயந்திரத்தை நின்ற நிலையில் ஒலிக்கவிட்டு, பொருத்துகளின்மேல் விரல்நுனியை நகர்த்துங்கள்; விரல் பட்டதும் ஓசை தடிக்கும் இடத்தில்தான் காற்று ஒழுக்கு. புளிப்பு மணம் வீசும் சிலிக்கனால் அடைக்க வேண்டாம், அதன் அசற்றிக் அமிலம் செப்பை அரிக்கும். ஸ்பீக்கரின் இரு கம்பிகளில் எதுவும் உலோகச் சட்டத்தைத் தொடக்கூடாது. தொட்டால் டிகோடர் (இயந்திரத்தை இயக்கி ஒலியையும் எழுப்பும் மின்னணுத் தகடு) போய்விடலாம்.

கோண்டாவில்: ஒலியளவை முழுதாகக் கூட்டினால் கரகரக்கிறது.

பதில்: குறையுங்கள். பாதியளவில் தொடங்கி, கரகரப்புத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள்.

சாவகச்சேரி: யாழ்தேவி ரயிலை இழுத்த எம்2 டீசல் இயந்திரத்தின் உறுமலைப் பெற முடியுமா, அண்ணை?

பதில்: இதற்கு நீட்டித்தான் சொல்ல வேண்டும். 1954 முதல் கனடாவிலிருந்து வந்த எம்2 இல் இருப்பது 12 உருளைகள் கொண்ட ஈரடிப்பு இயந்திரம். ஒவ்வொரு சுழற்சியிலும் எல்லா உருளைகளும் வெடிப்பதால், நின்ற நிலையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 275 சுழற்சி என்றால் அடிச்சுருதி 55 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 55 அதிர்வு. சுகர் கியூப் எனப்படும் 11க்கு 15 மில்லிமீற்றர் ஸ்பீக்கரோ சில நூறு ஹேர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. ஆயினும் 55 இன் மடங்குகளாக மேலே அடுக்கும் சுருதிகள் தெளிவாகக் கேட்டால், இல்லாத அடிச்சுருதியைக் காது தானே நிரப்பிக்கொள்ளும். ஆகவே பேஸை, அதாவது தாழ்ந்த சுருதியைக் கூட்டிப் பயனில்லை. ஸ்பீக்கர் வீணாக அதிரும். டிகோடரில் இடும் ஒலிப்பதிவும் அதே வகை இயந்திரத்தினுடையதாக இருக்கட்டும். அல்கோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் நான்கடிப்பு இயந்திர ஓசையை எம்2 இல் இட்டால், ரயில் பார்த்து வளர்ந்தவர் எவரும் சிரிப்பார்.

பருத்தித்துறை: தனியார் பஸ்களின் பேஸ் பெட்டிகளில் துளை இருக்கிறதே. முழுதாக மூடச் சொல்வது தவறல்லவா?

பதில்: அது வெறும் துளையன்று, அளந்து வைத்த குழாய். மாதிரி இயந்திரத்துக்குள் அடங்கும் 2 கன சென்ரிமீற்றர் பெட்டியை 300 ஹேர்ட்ஸுக்கு இசைவிக்க, 2 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழாய் ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் நீள வேண்டும். அவ்வளவு ஒடுங்கிய குழாயில் காற்றின் உராய்வே பயனைத் தின்றுவிடும்.

பருத்தித்துறை: நான் துளையிட்டேன், சத்தம் கூடியது.

பதில்: கூடியது மேற்சுருதியாக இருக்கும். ஒரே ஸ்பீக்கரை, ஒரே ஒலியளவில், துளையை நாடாவால் மூடியும் திறந்தும் கேளுங்கள். ஹோர்னை விட்டுவிட்டு, நின்ற நிலை ஓசையை மட்டும் ஒப்பிடுங்கள். துளையிட்ட இடத்தில் கிடந்த இரும்புத்தூள் எதையும் ஸ்பீக்கரின் காந்தம் இழுத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கொடிகாமம்: ஒலியளவை எவ்வளவு கூட்டலாம்?

பதில்: கோண்டாவிலுக்குச் சொன்னதை வாசியுங்கள்.

மானிப்பாய்: ஓடும்போது ஒலி விட்டுவிட்டு வருகிறது.

பதில்: தண்டவாளத்தையும் சில்லுகளையும் துடையுங்கள். தண்டவாளத்திலிருந்து வரும் மின்சாரம் தடைப்படுவதே காரணம், ஸ்பீக்கர் அன்று.

சுன்னாகம்: 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டு பூட்டலாமா?

பதில்: சமாந்தரமாக இணைத்தால் 4 ஓம், தொடராக இணைத்தால் 16 ஓம். 4 ஓமை டிகோடர் தாங்குமா என்று கையேட்டில் பார்த்தபின் பூட்டுங்கள். இரண்டும் ஒரே திசையில் அசையும்படி கூட்டல், கழித்தல் முனைகளைப் பொருத்துங்கள். மாறினால் ஒன்றின் ஓசையை மற்றது தின்றுவிடும். கம்பிகள் சட்டத்தில் படாதிருக்கட்டும்.

பருத்தித்துறை: நாடாவால் மூடிப் பார்த்தேன். ஆனாலும் குழாய் வைத்தால்?

பதில்: வைத்துப் பாருங்கள் தம்பி, 5 சென்ரிமீற்றர்.