பாலியில் கல்யாணம்: கேட்டவையும் சொன்னவையும்

இந்தோனேசியாவின் பாலித் தீவுக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. இங்கே நடக்கும் தமிழ்க் கல்யாணங்களுக்கு ஓடியாடி ஏற்பாடு செய்து கொடுப்பதுதான் பிழைப்பு. இந்த வாரம் வந்த கேள்விகளுக்குப் பதில் இதோ.

பங்குனியில் தங்கைக்குக் கல்யாணம். யுகாதியை ஒட்டி வைத்தால் எல்லோருக்கும் லீவு கிடைக்கும். வில்லாவுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா? (ஓசூர்)

அவசரப்படாதீர்கள் தம்பி. முதலில் ‘நியேபி’ என்றைக்கு வருகிறது என்று பாருங்கள். அது ‘சக’ ஆண்டுக் கணக்குப்படி பாலிக்காரர்களின் வருடப் பிறப்பு. காலை 6 மணி முதல் மறுநாள் காலை 6 மணி வரை நெருப்பு, வேலை, பயணம், கேளிக்கை நான்கும் கூடாது. விமான நிலையத்தையே மூடிவிடுவார்கள். ‘பெச்சாலாங்’ என்ற ஊர்க்காவலர்கள் தெருவைச் சுற்றி வருவார்கள்; ஹோட்டல் வாசலைத் தாண்ட முடியாது. அடுப்பே எரியக் கூடாத நாளில் ஹோமம் எங்கே வளர்ப்பது? 2025-இல் நியேபி மார்ச் 29, யுகாதி மறுநாள். 2026-இல் இரண்டுமே மார்ச் 19. நியேபிக்கு முந்தின நாள் மாலையில் பூத பொம்மைகள் ஊர்வலம் போவதால் சாலைகளும் அடைபடும். முன்னும் பின்னும் இரண்டு நாள் விட்டே தேதி குறியுங்கள்.

‘கலுங்கான்’ என்று இன்னொரு பண்டிகை 210 நாளுக்கு ஒருமுறை வரும். அப்போது சமையலாள், டிரைவர் எல்லோரும் ஊருக்குப் போயிருப்பார்கள்.

ஜோசியர் குறித்துக் கொடுத்த முகூர்த்தம் காலை 9 முதல் 10.30. அங்கேயும் அதே நேரம்தானே? (மயிலாப்பூர், மாப்பிள்ளையின் அப்பா)

இல்லை ஐயா. பாலி கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. திதியும் நட்சத்திரமும் முடியும் கணம் எந்த ஊரிலும் ஒன்றுதான். அதற்கு இரண்டரை மணி கூட்டினால் போதும். லக்னமும் ராகு காலமும் அப்படி இல்லை, அந்தந்த ஊர்ச் சூரிய உதயத்தைப் பிடித்தவை. பாலி நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 8 டிகிரியில் இருக்கிறது. “பாலியின் தலைநகர் டென்பசாருக்குக் கணித்துக் கொடுங்கள்” என்று ஜோசியரிடம் கேட்டு வாங்குங்கள். ஒரு கல்யாணத்தில் இது மணமேடையில்தான் தெரியவந்தது. இரண்டு மாமாக்கள் அன்று முழுக்கப் பேசிக்கொள்ளவில்லை.

நான் இந்து, அவர் கிறிஸ்தவர். பாலியிலேயே சட்டப்படி பதிவு செய்ய முடியுமா? (கோவை)

அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள் அம்மா. இந்தோனேசியாவின் 1974 திருமணச் சட்டப்படி மதச் சடங்கோடு நடந்தால்தான் கல்யாணம் செல்லும். நடைமுறையில் இருவரும் ஒரே மதம் என்று காட்ட வேண்டும். கலப்பு மதத் திருமணங்களைப் பதிவு செய்ய அனுமதிக்க வேண்டாம் என்று 2023-இல் இங்கே உச்ச நீதிமன்றமே கீழ் நீதிமன்றங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. நம் ஊரிலேயே சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்துகொண்டு வாருங்கள். 30 நாள் நோட்டீஸ் உண்டு, அதற்குத் தகுந்தபடி முன்னதாகத் தொடங்குங்கள். இங்கே தாலியும் கட்டலாம், மோதிரமும் மாற்றலாம், காகிதத் தொல்லை இல்லை. ஒரே மத ஜோடிகளுக்கும் என் யோசனை இதேதான்.

இந்துக்கள் ஊர் என்பதால் சைவச் சாப்பாடு சுலபமாகக் கிடைக்கும், இல்லையா? (கும்பகோணம்)

எல்லோரும் வழுக்கி விழும் இடம் இதுதான். பாலி இந்துக்களின் விருந்தில் முழுப் பன்றியை வாட்டிப் பரிமாறும் ‘பாபி குலிங்’குக்குத்தான் முதல் மரியாதை, சாமிக்குப் படைப்பதிலும் மாமிசம் உண்டு. “கறி வேண்டாம்” என்றால் துண்டுகளை எடுத்துவிடுவார்கள், ‘சம்பல்’ என்ற மிளகாய்ச் சட்னியில் ‘தெராசி’ இருக்கும். அது இறால் விழுது. தெராசி கூடாது என்று பெயர் சொல்லியே சொல்லுங்கள். ஆசாரமான பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் சமையல்காரரைக் கையோடு கூட்டி வாருங்கள், பாத்திரத்தையும் தனியாகப் பேசிவிடுங்கள்.

மாலை, வாழையிலை, தோரணம் எல்லாம் இங்கிருந்தே கொண்டு வரட்டுமா? (திருச்சி)

வேண்டாம் அக்கா. பச்சை இலை, பூவையெல்லாம் விமான நிலையத்தில் தாவரத் தனிமைப்படுத்தல் அதிகாரிகள் பிடித்துக்கொள்வார்கள். செண்டுமல்லியை இங்கே ‘கெமிதிர்’ என்பார்கள், கூடை கூடையாகக் கிடைக்கும். குருத்தோலை பின்னுவதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. நம் தோரணத்தைப் போட்டோவில் காட்டினால் போதும். ஜாவா மணப்பெண்களும் மல்லிகைச் சரம் சூடுவார்கள், கட்டத் தெரிந்தவர்களைத் தேடிப் பிடிக்கலாம். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு இவர்கள் பூஜையிலும் உண்டு.

கடற்கரையில் மேளம் வைத்து மாப்பிள்ளை அழைப்பு? (மதுரை)

வைக்கலாம். ஹோட்டல்காரர் சரி என்றால் மட்டும் போதாது, ‘பஞ்சார்’ எனப்படும் ஊர்ச் சபையும் சரி என்று சொல்ல வேண்டும். அதற்கு ஒரு தொகை கேட்பார்கள். அதை லஞ்சம் என்று நினைத்து மல்லுக்கு நிற்காதீர்கள். நம் கிராமத்தில் கோயில் வரி கொடுப்பதில்லையா, அந்த மாதிரி.

பெண்ணின் நகைகள்? (சேலம்)

கிளம்பும்போதே நம் விமான நிலையச் சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். திரும்பி வரும்போது “இது எங்கள் வீட்டு நகைதான்” என்று வாயால் சொன்னால் எடுபடாது.

கல்யாணம் முடிந்ததும் அங்கே கோயிலுக்குப் போகலாமா? (நாமக்கல்)

தாராளமாக. பட்டு வேட்டி கட்டியிருந்தாலும் இடுப்பில் துண்டு சுற்றச் சொல்வார்கள், சுற்றிக்கொள்ளுங்கள். நடக்கும்போது தரையைப் பார்த்து நடங்கள். பூ வைத்த சின்ன ஓலைத்தட்டு வாசலுக்கு வாசல் கிடக்கும்; அது காலையில் ஒருவர் சாமிக்கு வைத்தது.